வட்டை இல்லாத சக்கரம்

சிவந்திக்குளத்துக்கும் ஆலடிப்பத்துக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர். அது காக்கைக்கு. மனிதர்களுக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம். சிவந்திக்குளத்தில் பெட்டி ஏறி, எழுபது கிலோமீட்டர் வடக்கே போய், நடுவத்தில் இறங்கி, வேறொரு பெட்டியில் ஏறி, மறுபடி எழுபது கிலோமீட்டர் தெற்கே வந்தால் ஆலடிப்பத்து. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று கேலியாகச் சொல்வார்களே, அதையே இரும்பிலும் சிமெண்டிலும் கட்டி, ரிப்பன் வெட்டித் திறந்தும் வைத்துவிட்டார்கள்.

கோடு வரைந்தவர் மந்திரமூர்த்தி. ஊர்க்காரர்தான். சிவந்திக்குளம் பிச்சம்மாளின் மகன்.

சக்கரத் திட்டம் என்று அரசாங்கம் பெயர் வைத்திருந்தது. நடுவே ஒரு பெரிய நிலையம். அதிலிருந்து நாலாபக்கமும் முப்பத்திரண்டு குழாய்ப்பாதைகள். பாதைக்குள் பெட்டிகள் ஓடும். ஒரு பெட்டிக்கு இருபது பேர், ஓட்டுநர் கிடையாது. காகிதத்தில் நிலையத்தின் பெயர் நடுவம். ஜனங்கள் குடம் என்றார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் எல்லாம் வந்து சொருகுகிற நடுக்கட்டைக்கு அதுதானே பெயர். பாதைகளும் ஆரக்கால் ஆகிவிட்டன. "நீங்க எந்த ஆரக்கால்?" என்றுதான் புது ஆட்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

சக்கரத்தைக் குறை சொல்ல வாய் கூசும் என்று ஒரு கட்சி உண்டு. அதில் நியாயமும் உண்டு. சாலை விபத்தில் யாரும் சாவதில்லை, ஏனென்றால் அநேகமாகச் சாலையே இல்லை. கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் போய்விட்டன. நெஞ்சுவலிக்காரனை எண்பது நிமிடத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். வீட்டைவிட்டு வெளியே அனுப்பப் பயந்தவர்களின் பெண்பிள்ளைகள் கல்லூரி போய் வந்தார்கள். பெயர்த்தெடுத்த சாலைகளிலும் இடையில் கிடந்த தரிசுகளிலும் சூரியத் தகடுகள் பதித்துக் கம்பிவேலி போட்டார்கள். அந்த மின்சாரத்தில்தான் பெட்டிகள் ஓடின.

போனவை பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. போனது என்ன என்று தெரிவதற்கே இரண்டு வருடம் ஆனது. ஒரு கல்யாணம் என்றால் பெண் வீடு ஓர் ஆரக்கால், மாப்பிள்ளை வீடு வேறோர் ஆரக்கால். இரண்டுக்கும் பொது இடம் குடம் ஒன்றுதான். அதனால் முகூர்த்தமெல்லாம் குடத்துக்கே போய், அங்கே அடுக்கடுக்காக மண்டபங்கள் எழும்பின. சிவந்திக்குளமும் ஆலடிப்பத்தும் ஒரே குளத்தில் தண்ணீர் பாய்ச்சி, குளத்துக்கரைச் சுடலைச் சாமிக்குச் சேர்ந்து கொடை கொடுத்த ஊர்கள். இப்போது சுடலை தகட்டுக்காட்டுக்குள் நிற்கிறார். வருடத்துக்கு ஆறு பேர் அனுமதிச் சீட்டு வாங்கிப் போய்ப் பார்க்கலாம். சிவந்திக்குளத்துப் பிள்ளைகளைக் கேட்டால் குடம் வரைக்கும் உள்ள பதினெட்டு ஸ்டேஷனையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். வேலிக்கு அந்தப்பக்கம் என்ன ஊர் என்று கேட்டால் விழிக்கும்.

இவற்றையெல்லாம் மந்திரமூர்த்தி அறியாதவர் அல்ல. எதற்கும் ஒரு விலை உண்டு என்று சொல்லிக்கொள்வார். கொடுக்கிறவர் வேறொருவராக இருக்கும்வரை அப்படிச் சொல்வது எளிது.

ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. குடத்திலிருந்து முதல் பெட்டி பிடித்து எட்டரைக்கெல்லாம் சிவந்திக்குளம் வந்துவிட்டார். மனைவியும் மகளும் சென்னையில். சாயங்காலம்தான் வந்து சேர முடியும். அம்மா இரண்டு நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்காமல் கிடக்கிறாள் என்று முப்பிடாதி போன் செய்திருந்தாள். முப்பிடாதி பக்கத்து வீடு, பூ வியாபாரம். பிச்சம்மாள் மகனோடு குடத்துக்குப் போக மறுத்துவிட்டதால் முப்பிடாதிதான் பார்த்துக்கொண்டாள்.

அம்மாவின் கட்டில் பின்கட்டில், புறவாசல் கதவைப் பார்த்துக் கிடந்தது.

"முன்பக்கம் திருப்பிப் போடட்டுமாம்மா? காத்து வரும்லா" என்றார்.

பிச்சம்மாள் தலையை அசைத்தாள். வேண்டாமாம். முகம் மட்டும் சின்னதாகிப் போயிருந்தது. நர்ஸைக் கூட்டி வருகிறேன் என்று முப்பிடாதி ஓடினாள். நர்ஸ் இருப்பது இரண்டு ஸ்டேஷன் தள்ளி.

அவள் போன பிறகு அம்மா கண்ணைத் திறந்து, "உலகு வந்துட்டாளா?" என்றாள்.

மந்திரமூர்த்திக்குச் சுருக்கென்றது. ராத்திரி பகல் பார்க்காமல் பணமும் மருந்தும் அனுப்புகிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஆறு வருடமாக எட்டிப் பார்க்காதவளைத் தேடுகிறாள். "அவ எங்கம்மா வருவா" என்று முனகினார்.

உலகம்மாள் அவருடைய ஒரே தங்கை. ஆலடிப்பத்துச் சொரிமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தது. மகனுக்குக் காதுகுத்து வைத்தபோது, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மந்திரமூர்த்தி சீர்வரிசைத் தட்டுகளோடு கிளம்ப இருந்தவர், திட்ட அலுவலகத்தில் ஒரு கூட்டம் நீண்டுபோய் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். நல்ல நேரம் தப்பிவிடும் என்று சொரிமுத்து தன் அண்ணன் மடியில் பிள்ளையை வைத்துக் குத்திவிட்டார். பிள்ளை காதில் ரத்தத்துளியோடு அழுதுகொண்டிருந்தபோது தாய்மாமன் வாசலில் நின்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தட்டுகளை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். மறுநாள் ஆள் விட்டுச் சொன்னார்: இனி உலகம்மாள் என் வாசலை மிதிக்கக்கூடாது. அம்மா இருக்கிற வீடு அவர் பெயரில் இருந்தது.

அடுத்த வருடம் எந்தச் சாலையை வைத்துக்கொள்வது, எதைப் பெயர்ப்பது என்று கணக்கெடுப்பு நடந்தது. போன்கள் எங்கிருந்து எங்கே நகர்கின்றன என்று ஒரு வருடம் எண்ணினார்கள். இரண்டு ஊருக்கு நடுவே நாளுக்கு நாற்பது நடைக்கு மேல் இருந்தால் இணைப்பு இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. குளத்துக்கரைச் சாலைக்கு முப்பத்தொன்று வந்தது. ஆலடிப்பத்தில் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சொரிமுத்து எழுந்து நின்று, "சார்வாள், குடமும் ஆரக்காலும் இருந்தாப் போதுமா? சுத்திப் பிடிச்சுக்கிட வட்டை வேண்டாமா? வட்டை இல்லாத சக்கரத்தை எங்க ஊரு ஆசாரி செய்யமாட்டாரு. பக்கத்து ஊருக்குப் பக்கத்துல போக ஒரு வழிய வைங்க" என்றார். கூட்டம் சிரித்தது. மந்திரமூர்த்திக்கு அது காதுகுத்து வீட்டுச் சிரிப்பாகவே கேட்டது.

முப்பதுக்கு மேல் வந்த இடங்களுக்குச் சிறப்புக் காரணம் எழுதி விலக்குத் தரும் அதிகாரம் அவருக்கு இருந்தது. பதினோரு ஊர்களுக்குத் தரவும் செய்தார். சிவந்திக்குளம் கோப்பைக் கையில் எடுத்த அன்று, செய்யக்கூடாத ஒரு காரியம் செய்தார்: உலகம்மாளின் எண்ணைப் போட்டுப் பார்த்தார். ஒரு வருடத்தில் அவளுடைய போன் ஒருநாள்கூட அம்மா வீட்டுப்பக்கம் வரவில்லை. பூஜ்யம். நான் வரக்கூடாது என்று சொன்னால் வராமலே இருந்துவிடுவாளா? பெற்ற தாயைப் பார்க்க நாலு கிலோமீட்டர் நடக்காதவளுக்கு ரோடு ஒரு கேடா? கையெழுத்துப் போட்டார்.

"உலகு..." என்றாள் அம்மா மறுபடியும். இந்த முறை கேள்வியாக இல்லை. கூப்பிட்டாள்.

அந்தக் குரலுக்கு முன்னால் வீம்பு நிற்கவில்லை. ஆறு வருடமாக அழிக்காமல் வைத்திருந்த எண்ணைத் தேடி அழுத்தினார். மணி ஒன்பது ஐம்பது. அந்தப் பக்கம் உடனே எடுத்தார்கள், பேச்சில்லை. காற்று இரைந்தது. ஃபேன் சத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏட்டி உலகு, நான் அண்ணன் பேசுதேன்."

"அண்ணே..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அம்மைக்கு என்ன?"

"முடியலட்டி. உன்னைத்தான் கேக்கா. கிளம்பி வா."

"இந்தா வந்துட்டேண்ணே. நான் குளத்துக்கரை வழியாவே..."

"கரை எங்கட்டி இருக்கு? பூரா தகடும் கரண்டு வயருமா ஓடுது. போன மாசம் ஆடு தேடி நொழைஞ்சவன் கருகிக் கெடந்தான். அடையாளம் சொல்ல முடியல. நீ அதுக்குள்ள கால் வச்சிராத, கேட்டியா?"

"இல்லண்ணே, அதுல வழி..."

"சொன்னாக் கேளு, தாயி. அம்மையை இப்படி வச்சுக்கிட்டு உன்னையும் அள்ளிக்கிட்டு வர என்னால ஆகாது. பெட்டியிலயே வா. குடத்துல எல்லாம் நம்ம பயலுவதான். சொல்லி வழி எடுத்துத் தாரேன். ரெண்டே மணி நேரத்துல கொண்டாந்து எறக்கிருவேன்."

கொஞ்சநேரம் காற்று மட்டும் கேட்டது.

"சரிண்ணே" என்றாள் உலகம்மாள்.

போனை வைத்தபோது மந்திரமூர்த்திக்கு மனசு லேசாக இருந்தது. ஆறு வருடம் கழித்துப் பேசியாகிவிட்டது. தங்கை மறுபேச்சுப் பேசவில்லை. "உலகு வாராம்மா" என்று அம்மா காதில் சொன்னார். பிச்சம்மாள் புறவாசலைப் பார்த்தாள்.

பத்து, பத்தேகால் என்று மணி போயிற்று. பயணச்சீட்டுப் பதிவை அவருடைய போனிலேயே பார்க்கலாம். உலகம்மாள் பெயர் வரவே இல்லை. ஆலடிப்பத்து ஸ்டேஷன் வாசலில் வீட்டை வைத்துக்கொண்டு ஏறுவதற்கு இத்தனை நேரமா? பெண்பிள்ளைகள் கிளம்புவதென்றால் தேர் கிளம்புகிற மாதிரிதான் என்று எரிச்சல்பட்டார். பத்து நாற்பத்தெட்டுக்கு அவள் ஏறியதாகப் பதிவு வந்தது.

பதினோரு மணிக்கு முப்பிடாதி நர்ஸோடு வந்தாள். நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்து, வெளியே கூப்பிட்டு, "ரெண்டு மணி தாண்டுறது கஷ்டம் சார். பாக்கணும்னு இருக்கவங்களை வரச் சொல்லிருங்க" என்றாள்.

"தங்கச்சி வந்துக்கிட்டிருக்கா. பெட்டி ஏறிட்டா."

முப்பிடாதி நிமிர்ந்தாள். "உலகுவா? அவ என்னத்துக்கு அண்ணாச்சி பெட்டியில வாரா?"

"வேற எதுல வருவா?"

முப்பிடாதி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். "கோவப்படாதீய. சொல்லக்கூடாதுன்னு அம்மை எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காவ. இனிமே என்ன... அவ நடந்துதான் அண்ணாச்சி வருவா. செவ்வாயும் வெள்ளியும். தகட்டுக்காட்டுல ஒரு எடத்துல கம்பி தூக்கிக் கெடக்கு. வயரு எங்கன ஓடுது, எங்கன ஓடலைன்னு அவளுக்கு உள்ளங்கை மாதிரி. முக்கா மணி நேரம். புறவாசல் வழியா வந்து அம்மைக்குத் தலை சீவிவிட்டு, கஞ்சி குடுத்து, கால் அமுக்கிவிட்டுட்டுப் போயிருவா. முந்தாநாளும் வந்தா."

"எத்தனை நாளா?"

"நீங்க வரக்கூடாதுன்னு ஆள் விட்டீயள்லா, அதுக்கு அடுத்த வாரத்துல இருந்து. ரோடு இருக்கும்போது ரோட்டுல வந்தா. ரோடு போனப்பறம் வேலிக்குள்ள வந்தா."

"அப்ப அவ போன்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"போனை வீட்டுல வச்சிட்டு வருவா. 'எங்க அண்ணன் குடத்துல உக்காந்து எந்த போன் எங்க நடமாடுதுன்னு பாக்கும். எம் போன் இங்க வந்து நின்னா அதுக்கு மனசு கொதிக்கும்'னு சொல்லுவா. அவ மட்டுமா? ரோடு இருந்தப்ப நான் பூக்கூடையோட அந்தூருக்குப் போகையில போனைப் பிள்ளைட்ட படிக்கக் குடுத்துட்டுத்தான் போவேன். எங்க தெருவுல எந்தப் பொம்பளை போனைத் தூக்கிக்கிட்டு நடந்தா?"

மந்திரமூர்த்தி மனசுக்குள் பழைய கணக்கைத் திருப்பிப் பார்த்தார். முப்பத்தொன்று. ஒரு வருடம், ஆயிரம் ஊர், கோடி கோடியாகப் புள்ளிகள். வீட்டில் கிடந்த போன்களை எண்ணிவிட்டு, நடந்த கால்களை எண்ணியதாக நினைத்திருக்கிறார். அதற்கும் மேலே, தங்கையின் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு அவளுடைய பாசத்தையே அளந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"கரை வழியா வரச் சொல்லியிருந்தீயன்னா இந்நேரம் வந்திருப்பாளே" என்றாள் முப்பிடாதி. குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அங்கலாய்ப்பில் சொன்னாள்.

உடனே உலகம்மாளைக் கூப்பிட்டார். பெட்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அது விரைவுப் பெட்டி, குடம் வரைக்கும் நிற்காது. "வந்துருவேண்ணே, பன்னெண்டுக்குக் குடம், ஒன்றரைக்கு அங்க இருப்பேன்" என்று அவள்தான் அவருக்குத் தைரியம் சொன்னாள்.

ஒன்றரை. நர்ஸ் சொன்னது இரண்டு. மந்திரமூர்த்தி வேண்டாத தெய்வமில்லை. தகட்டுக்காட்டுச் சுடலையைக்கூடக் கும்பிட்டார், கொஞ்சம் வெட்கத்தோடு.

பன்னிரண்டு மணிக்கு அவளுடைய பெட்டி நின்றுவிட்டது. குடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், குழாய்க்குள்.

குடத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். அருள்தாஸ் எடுத்தான். மந்திரமூர்த்தி வேலை கற்றுக்கொடுத்து வளர்த்த ஆள்.

"அருள், ஆலடிப்பத்துல இருந்து வர்ற எட்டாம் ஆரக்கால் ஏன் நிக்குது?"

"எட்டு மட்டும் இல்ல சார், முப்பத்திரண்டும் நிக்குது. இன்னைக்கு ஆவணி முகூர்த்தம். குடத்துல மட்டும் நூத்தி ஆறு கல்யாணம். பதினோரு மணிப் பந்தி முடிஞ்சு எல்லாரும் ஒரே நேரத்துல இறங்கியிருக்காங்க. பிளாட்பாரத்துல கூட்டம் அளவு தாண்டிருச்சு. தாண்டினா உள்ள வர்ற பெட்டியெல்லாம் வெளியே நிக்கணும்னு விதி இருக்கே சார்."

விதி எழுதியவருக்கே அவன் விதி சொன்னான். பஞ்சாங்கம் பார்க்காமல் புது வீட்டில் பால்கூடக் காய்ச்சாத ஜனங்களுக்கு, வருடம் முழுவதையும் கூட்டி நாட்களால் வகுத்து ஒரு சராசரி நாள் செய்து, அந்த நாளுக்குக் குடம் கட்டியிருந்தார் மந்திரமூர்த்தி. சராசரி நாளில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை.

"அருள், அந்தப் பெட்டியில என் தங்கச்சி இருக்கா. எங்கம்மாவுக்கு உசுரு போய்க்கிட்டிருக்கு. அந்த ஒரு பெட்டியை மட்டும் எடுத்து விடு. அவசரம்னு போடு."

அருள்தாஸின் குரல் இறங்கியது. "போட்டுப் பாக்குறேன் சார்... சார், நோயாளி உள்ள இருக்காங்களான்னு கேக்குது. இல்லைன்னா ஏத்துக்க மாட்டேங்குது. நோயாளியைப் பாக்க வர்றவங்கன்னு ஒரு கட்டமே இதுல இல்ல."

"இருக்குன்னு போடு."

"போட்டாலும் என்ன சார் பண்ண? ஒரே குழாய். அந்தப் பெட்டிக்கு முன்னால பதினாலு பெட்டி நிக்குது. பதினாலும் உள்ள வந்தாத்தான் அது வர முடியும். நடுவுல இறங்க வழியில்ல, பக்கத்துப் பாதைக்கு மாற வழியில்ல. நீங்கதானே சார் சொல்லுவீங்க, குறுக்குப்பாதை வச்சா குழப்பம்னு."

மந்திரமூர்த்தி போனை வைத்துவிட்டு அம்மாவிடம் போனார்.

பன்னிரண்டரை. பிச்சம்மாளின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கண் மட்டும் புறவாசல் நிலைப்படியில் நின்றது. முப்பிடாதி கதவை அகலத் திறந்து வைத்தாள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. மந்திரமூர்த்தி தங்கைக்குப் போன் போட்டு அம்மாவின் காதோரம் வைத்தார். அந்தப் பக்கம் பட்டுப்புடவைப் பெண்கள் சிரித்துப் பேசுகிற சத்தம். பிந்திப் போகிற ஏதோ கல்யாணக் கூட்டம். அதற்கு நடுவே உலகம்மாள், "எம்மா, உலகு பேசுதேன்... எம்மா, வந்துக்கிட்டே இருக்கேம்மா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கொஞ்சநேரத்தில் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. பெட்டியில் எல்லோருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

பிச்சம்மாளின் உதடு அசைந்தது.

"வெயிலா இருக்கு, மக்கா... பைய வா."

பன்னிரண்டு ஐம்பதுக்கு நர்ஸ் நாடியிலிருந்து கையை எடுத்தாள். போன் அம்மாவின் காதிலேயே இருந்தது. "எம்மா, கேக்குதாம்மா?" என்று உலகம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பிடாதிதான் போனை எடுத்துப் பேசினாள்.

ஒன்றேகாலுக்குக் குடம் திறந்தது. உலகம்மாள் வந்து சேர்ந்தபோது மணி மூன்றாகப் போகிறது. அம்மாவைக் குளிப்பாட்டி, நடுவீட்டில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

உலகம்மாள் வாசல்வரைக்கும் ஓட்டமாக வந்தாள். வாசல்படியில் நின்றுவிட்டாள். ஆறு வருடமாகப் புறவாசலில் மட்டும் நுழைந்தவள், முன்வாசலில் கால் வைக்காமல் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அது உள்ளே வரலாமா என்று கேட்கிற பார்வை என்று புரிய அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து போய், கையைப் பிடித்து, "வாட்டி" என்று கூட்டி வந்தார். அதற்கப்புறம்தான் அவள் கதறினாள். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையில் தெருவே அழுதது.

அழுது ஓய்ந்து அவள் சுவரோரமாகச் சாய்ந்தபோது மந்திரமூர்த்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தலையைக் குனிந்தவர், அவளுடைய புடவை ஓரத்தைப் பார்த்தார். கரை முழுக்க ஒட்டுப்புல். முழங்காலுக்குக் கீழே, கை வைக்க இடமில்லாமல் அப்பிக் கிடந்தது. கணுக்காலில் காய்ந்த குளத்துச் சேறு.

பெட்டிக்குள் புல் ஏது?

ஒன்றைப் பிய்த்தெடுத்தார்.

"உலகு, நான் போன் போடும்போது நீ எங்க நின்ன?"

அவள் புடவையை இழுத்துக் கணுக்காலை மூடினாள். திரும்பக் கேட்டார்.

"தண்ணித் தொட்டிக்கிட்ட" என்றாள்.

ஊர்த் தண்ணீர்த் தொட்டி வேலிக்கு இந்தப்பக்கம். வீட்டுக்குப் பின்னால், கூப்பிடு தூரம்.

"இன்னைக்கு வியாழன்லா. செவ்வாயும் வெள்ளியும்தான நீ வருவேன்னு முப்பிடாதி சொன்னா..."

"செவ்வாக்கெழமை அம்மையைப் பாத்துட்டுப் போனதுல இருந்து மனசு சரியில்லண்ணே. வெள்ளி வரைக்கும் பொறுக்கல. எதுக்கும் இருக்கட்டும்னு போனையும் எடுத்துக்கிட்டு வந்தேன். கம்பி எல்லாம் தாண்டி வந்துட்டேன். தொட்டிக்கிட்ட வரும்போது நீ கூப்பிட்ட. புறவாசல் தொறந்து கெடந்தது தெரிஞ்சுது. அம்மை கட்டில் காலு கூடத் தெரிஞ்சுது."

"பின்ன என்னத்துக்குட்டி திரும்பிப் போன?" அவருக்கே கேட்காத குரலில் கேட்டார். "அந்தக் கம்பிக்குள்ள திரும்பவும் நொழைஞ்சா போன?"

உலகம்மாள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு வருசம் கழிச்சுப் பேசுன. அந்த வழியா வராதன்னு சொன்ன. வேண்டாம்னு சொன்ன வழியிலயே வந்து நின்னா, மறுபடியும் பேசாமப் போயிருவியோன்னு பயமா இருந்துச்சுண்ணே."

மந்திரமூர்த்தியின் கையில் அந்த ஒட்டுப்புல் இருந்தது. அதை எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.